சினிமாக் கொட்டகை இருந்த இடத்திலிருந்து

சான் ஹெர்வாசியோ
அக்டோபர் 4, செவ்வாய்

அன்புள்ள மருமகள் யவோஸ்காவுக்கு,

உன் தாய்மாமன் பெலார்மினோ எழுதுவது. சான் ஹெர்வாசியோ நகராட்சியின் தகவல்களுக்கெல்லாம் தனிப்பெரும் சக்கரவர்த்தி, இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒன்றரை பிரிண்டருக்கும் அதிபதி. ஒன்றரை என்றால், ஒன்று வேலை செய்கிறது. மற்றது காகிதத்தை வாங்கிக்கொள்கிறது, திருப்பித் தருவதில்லை.

போன் செய்யாமல் என்ன கடிதம் என்று கேட்பாய். மலை போன வியாழனிலிருந்து சாம்பல் கக்குகிறது. கைபேசிக் கோபுரம் அதன் பாரம் தாங்காமல் படுத்துவிட்டது. என் ஆபீஸ் கூரையில் இருக்கும் சாட்டிலைட் தட்டு ஒன்றுதான் இப்போது இந்த ஊருக்கும் உலகத்துக்கும் நடுவே. சாம்பல் எவ்வளவு என்றால், நான் ஒரு தடவை மூக்கைச் சிந்தினால் ஒரு சுவர் எழுப்பலாம். காலையில் தெருமுனையில் நின்ற ஒரு கோழியைப் பாதிரியார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னேன். அதுவும் தலையை ஆட்டி ஆசீர்வதித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பேரிடர்க் குழுத் தலைவர் தோன் கிரிசாந்தோ, ஓய்வுபெற்ற சார்ஜெண்ட், நேற்று மேசையைத் தட்டிச் சொன்னார்: "மழை பிடிச்சா மேல குவிஞ்சிருக்கிற சாம்பலெல்லாம் சேறாகி ஓடை வழியா இறங்கும். நடக்கிறவன் சைரன் கேட்டதும் நடந்துடுவான். நடக்க முடியாதவங்களை லாரியில ஏத்தணும். அவங்க யாரு யாருன்னு வெள்ளிக்கிழமை காலையில எனக்குப் பட்டியல் வேணும், பெலார்மினோ."

பட்டியல் என்னிடம் இருக்கிறது, மருமகளே. கடல் தண்ணீரில் உப்பு இருக்கிற மாதிரி இருக்கிறது. மொத்தம் 9,411 வீடுகள். ஆறு வருஷமாக நர்சுகள் வீடுவீடாகப் போய் எழுதியது. பெயருக்கு ஒரு கட்டம், வயதுக்கு ஒரு கட்டம், மீதி எல்லாம் 'குறிப்பு' என்கிற ஒரே கட்டத்தில். விலாசம், வியாதி, நாய் கடிக்குமா கடிக்காதா, மருமகன் குடிப்பானா, எல்லாம் ஒரே மூச்சில். இதோ ஒன்று: 'புனித ரோக்கே கோயிலிலிருந்து இரண்டு தெரு ஏற, பச்சைக் கதவு, சர்க்கரை, கால் எடுத்தாச்சு, வாத்து துரத்தும்.' இதில் எது விலாசம், எது கால், எது வாத்து என்று ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினொரு தடவை படித்துப் பிரிக்க எனக்கு முந்நூறு வருஷமாவது ஆகும்.

நீ எல்லைக்கு அந்தப் பக்கம் சான் ஹோசேயில் மருந்துக் கம்பெனியில் இதைத்தானே செய்கிறாய். டாக்டர்களின் கிறுக்கலிலிருந்து மருந்தையும் அளவையும் பிடுங்கியெடுக்கிற அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் வித்தை. மாதிரிக்கு நூறு வரி இணைத்திருக்கிறேன், ஒரு நல்ல பேட்டர்ன் எழுதி அனுப்பு.

இன்னொன்று. உன் அம்மா, என் அக்கா தோமித்திலா, இடுப்பெலும்பு ஒடிந்து மூன்று மாதமாகக் கட்டிலும் நாற்காலியுமாக இருக்கிறாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மீறிவிட்டேன். உனக்கு எழுதினேன் என்று தெரிந்தால் எழுந்து வந்து அடிப்பாள். எழுந்து வர முடிந்தால் பிறகு பட்டியலில் அவள் பெயரை எப்படிப் போடுவது, அதனால் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் ஊர் நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைப்பதை நிறுத்தின. இந்தக் கடிதத்தில் அதை மட்டும் நான் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை.

உன் மாமன்,
பெலார்மினோ


சான் ஹோசே
அக்டோபர் 5, புதன்

மாமா,

மூன்று மாதம். அதை நீங்கள் வாத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து எழுதுகிறீர்கள். இதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

கம்ப்யூட்டரைக் கேட்கிற க்வெரியை இதோடு இணைத்திருக்கிறேன். மூன்று துண்டு. ஒன்றையும் மாற்றாமல் வரிசையாக ஓட்டுங்கள்.

முதல் பேட்டர்ன், நடக்க முடியாதவர்களைப் பிடிக்கும். 'நடக்க மாட்டார்', 'படுக்கை', 'கட்டிலோடு', 'சக்கர நாற்காலி', 'கால் எடுத்தாச்சு' எல்லாம் போட்டிருக்கிறேன். நர்சுகள் வேறு எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று நீங்கள்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, விலாசத்தை வெட்டியெடுக்கும். நம் ஊரில் யாருக்கு வீட்டு எண் இருக்கிறது. 'இன்ன இடத்திலிருந்து இத்தனை தெரு ஏற, இத்தனை தெரு இறங்க' என்றுதானே எல்லோரும் சொல்வார்கள். 'இலிருந்து' என்பதற்கு முன்னால் வருவது அடையாள இடம். அடுத்து வரும் எண் தெருக்கணக்கு. நடுவில் இருக்கும் நட்சத்திரக் குறி பேராசைக்காரன், விட்டால் கடைசி வரை விழுங்கும். அப்படி ஆனால் அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி வையுங்கள், முதல் வாயோடு நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாவது துண்டுக்கு நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஊரில் இருக்கிற அடையாள இடங்கள் எல்லாவற்றையும் ஒரு டேபிளாகப் போடுங்கள். கோயில், கடை, கிணறு, மரம், எதுவும் விடாமல். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எந்த லாரி என்று எழுதுங்கள். வெட்டியெடுத்த இடம் அந்தப் பட்டியலோடு ஒத்துப்போனால் அந்த லாரிக்கு அந்த ஆள் போவார். என் வேலையில் இது பழக்கம். டாக்டர் எழுதியது உண்மையிலேயே இருக்கிற மருந்துதானா என்று மருந்துப் பட்டியலோடு சரிபார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டோம்.

அம்மாவுக்கு வலி இருக்கிறதா? ராத்திரி யார் கூட இருக்கிறார்கள்? இதற்கு மட்டும் ஜோக் இல்லாமல் பதில் எழுதுங்கள்.

யவோஸ்கா


சான் ஹெர்வாசியோ
அக்டோபர் 6, வியாழன்

மருமகளே,

ஜோக் இல்லாமல்: வலி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. பக்கத்து வீட்டு விதவை பகலிலும் ராத்திரியிலும் எட்டிப் பார்க்கிறாள். இப்போது ஜோக்கோடு எழுத அனுமதி கொடு, இதை விட்டால் பயத்துக்கு எனக்கு வேறு மருந்து தெரியாது.

உன் நட்சத்திரம் பேராசைக்காரன் மட்டும் இல்லை, பஞ்சத்தில் அடிபட்டவன். முதல் ஓட்டத்தில் ஒரு கிழவியின் அடையாள இடம் என்று முக்கால் பக்கம் வந்தது, அதில் அவளுடைய மூன்று புருஷன்களும் இருந்தார்கள். கேள்விக்குறி வைத்தேன். அடங்கிவிட்டான்.

முதல் பேட்டர்னில் 31 ஃபிரிட்ஜ் வந்தது. நம் ஊரில் எந்திரம் பழுதானாலும் 'நடக்கவில்லை' என்றுதானே எழுதுகிறோம். 'இன்சுலின் வைக்க இடமில்லை, ஃபிரிட்ஜ் நடக்க மாட்டேன் என்கிறது.' தோன் கிரிசாந்தோ முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இவங்களையெல்லாம் எத்தனை பேர் தூக்கணும்யா?" என்று கேட்டார். நீக்கினேன். நர்சுகளின் மற்ற மொழிகளையும் சேர்த்தேன்: 'ஆண்டவர் தூக்கினால்தான் எழுவார்' என்று மட்டும் பதினாறு பேர்.

பிறகு அடையாள இடங்கள். சாம்பலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நேற்றும் இன்றும் இந்த ஊரை அளந்தேன், மருமகளே. தேசங்களைப் பிடித்த தளபதிகள்கூட இப்படி நடந்திருக்க மாட்டார்கள். நிற்கிற மரம், திறந்திருக்கிற கடை, தண்ணீர் வருகிற குழாய், தலை உடைந்த வீரன் சிலை, எல்லாம் எழுதியாயிற்று. 340 இடங்கள். கண்ணில் பட்ட ஒன்றைக்கூட விடவில்லை.

முடிவு: 188 பேர், எட்டு லாரி. பட்டியல் அச்சாகிவிட்டது. கிரிசாந்தோ என் முதுகில் தட்டினார், சாம்பல் பறந்ததில் நாலு பேர் இருமினார்கள்.

அக்காவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். "லாரி வரும், மூட்டை கட்டி வை."

"எந்த லாரி?"

"மூணாவது."

"மூணாவதா? ஏன், மொதல்ல வர்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லையா?" என்றாள்.

நாளை காலை சைரன் ஊதப்போகிறார்கள். மேலே மேகம் மலையைத் தொப்பி மாதிரி கவிழ்த்து மூடியிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. பெரிய வீட்டில் யாரோ நாற்காலிகளை நகர்த்துகிற மாதிரி.

பெலார்மினோ


சான் ஹோசே
அக்டோபர் 7, வெள்ளி

மாமா,

இன்று சைரன் ஊதியிருப்பார்கள். லாரிகள் போய்விட்டு வந்திருக்கும். இங்கே வானொலியில் நம் ஊர்ப் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாமல் சொல்கிறார்கள்.

அம்மாவின் பெயர் எந்தப் பக்கத்தில் இருந்தது? மூன்றாவது லாரி என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலில் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்திருப்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு வருஷமாக அம்மா என் போனை எடுக்காததற்கு, நான் வேலைக்காக ஓடிப்போனேன் என்று ஊரில் ஒரு காரணம் சொல்கிறார்கள். அது இல்லை. அப்பா போன பிறகு அவளை இங்கே கூட்டிவர டிக்கெட்டோடு வந்தேன். வரமாட்டேன் என்றாள். பஸ் நிற்கிற இடத்தில், "அப்படின்னா அந்த மலையே உன்னைத் தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறேன். மணி அடித்து அடித்து நிற்கும்.

புதன்கிழமையிலிருந்து என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. 188 என்பது எனக்குக் குறைவாகப் படுகிறது. நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய நூறு வரிகளை வைத்துக் கணக்குப் போட்டால் இருநூற்றைத் தாண்ட வேண்டும். தப்பாக இருக்கலாம். ஒரே ஒரு எண் கேட்கிறேன். முதல் பேட்டர்னை மட்டும் ஓட்டி, விலாசம், லாரி எதுவும் சேர்க்காமல், எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அது 188 என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

யவோஸ்கா


சான் ஹெர்வாசியோ
அக்டோபர் 8, சனி, காலை 7.50

யவோஸ்கா,

231.

மூன்று தடவை ஓட்டினேன். 231. பட்டியலில் 188. நாற்பத்து மூன்று பேர் இல்லை.

அக்காவின் பெயர் எட்டுப் பக்கத்திலும் இல்லை.

நான் பார்க்கவில்லை, மருமகளே. மூன்றாவது லாரி என்று நானாகச் சொன்னேன். ஏதோ ஒரு எண் சொன்னால் தெம்பாக இருப்பாள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பட்டியல் கைக்கு வந்ததும் சொந்தக்காரியின் பெயரை முதலில் தேடினான் பெலார்மினோ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பெருமைக்குப் பார்க்காமல் கிரிசாந்தோவிடம் நீட்டினேன். நேற்று லாரிகள் எல்லாம் முகாம் போட்டிருக்கிற எல் போத்ரெரோ ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. அவளும் அங்கே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி தூங்கினேன். தூங்கினேன் என்பதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

நடக்கிறவர்கள் எல்லோரும் நேற்றே நடந்துவிட்டார்கள். அந்த விதவையும் போய்விட்டாள். முடியாதவர்களை லாரி கூட்டிப்போகும் என்று நம்பி, அவரவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். இப்போது இந்த ஊரில் இருப்பது நானும் கிரிசாந்தோவும் இரண்டு போலீஸும். அப்புறம் அந்த நாற்பத்து மூன்று பேர்.

அக்கா வீட்டுக்குக் கிரிசாந்தோ ஒரு போலீஸ்காரனை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். பாலத்துக்கு இந்தப் பக்கமே ஓடைத் தண்ணீரில் ஊறிய சாம்பற்சேறு முழங்கால் அளவு. திரும்பி வந்துவிட்டான். லாரிதான் போகும். எல் போத்ரெரோவுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியாயிற்று, இரண்டு லாரி வர ஒரு மணி நேரம். அதற்குள் மற்ற நாற்பத்திரண்டு பேர் யார், எங்கே என்று தெரிய வேண்டும். இருக்கிறவர்களைக் கேட்டால் இந்தக் கம்ப்யூட்டர் சொல்கிறது. இல்லாதவர்களை எப்படிக் கேட்பது? எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம்.

பெ.


சான் ஹோசே
அக்டோபர் 8, காலை 8.15

மாமா,

கீழே இருப்பதை அப்படியே ஒட்டி ஓட்டுங்கள். முதல் பேட்டர்னில் வந்து, அடையாள இடம் ஒத்துப்போகாமல் லாரிக் கட்டம் காலியாக நிற்கிற வரிகளை மட்டும் இது கேட்கும். நான் எழுதிய மூன்றாவது துண்டு, காலியான வரிகளை ஒரு சத்தமும் இல்லாமல் கீழே போட்டுவிட்டது. ஓர் எச்சரிக்கைகூட வராது. வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே நான் சொல்கிற விஷயம் இது. அதை நானே செய்திருக்கிறேன்.

ஏன் ஒத்துப்போகவில்லை என்றும் தெரிந்துவிட்டது. அம்மாவின் விலாசத்தைத் தாளில் எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் முடிகிற வரை எல்லாப் படிவங்களிலும் நான் எழுதிய விலாசம். 'சினிமாக் கொட்டகை இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு இறங்க, ஓடைப் பக்கம்.'

இருந்த இடம், மாமா. கொட்டகை எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போதே போய்விட்டது. நான் உங்களிடம் ஊரில் இருக்கிற இடங்களைக் கேட்டேன். நீங்கள் நிற்கிறவற்றை எல்லாம் எழுதினீர்கள். இல்லாத இடத்திலிருந்து வழி சொல்கிறவர்கள் நாம், இருவருக்குமே அது நினைவில்லை. அதில் வளர்ந்த எனக்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், கிரிசாந்தோவிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் கொட்டகையை எது கொண்டுபோனது? பழைய சேற்றுவெள்ளம். ஓடைக்கரையில் நின்ற அந்தப் பெரிய குவானகாஸ்தே மரத்தையும் அதுதான். அப்படியென்றால் நாம் விட்டது ஊரில் அங்கங்கே நாற்பத்து மூன்று பேரை இல்லை. சேறு போன தடவை எந்த வழியாக வந்ததோ, அந்த வழியில் இருக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து விட்டிருக்கிறோம்.

ஓட்டுங்கள்.

யவோஸ்கா


சான் ஹெர்வாசியோ
அக்டோபர் 8, காலை 8.55

43 வரிகள் வந்துவிட்டன. சினிமாக் கொட்டகை இருந்த இடம், பதினேழு பேர். குவானகாஸ்தே மரம் இருந்த இடம், பதினான்கு. ஹெர்த்ருதிஸ் ரொட்டிக்கடை இருந்த இடம், பன்னிரண்டு. எல்லாம் ஓடைக்கரை. நீ சொன்னபடியே.

உன் அம்மா ஒன்பதாவது வரி.

லாரிகள் வந்துவிட்டன. மேலே மழை பிடித்துவிட்டது, இங்கே இன்னும் இல்லை. நானும் ஏறுகிறேன். கிரிசாந்தோ தடுத்தார். "அறுபத்தோரு வயசுல உனக்கு எதுக்குய்யா இது? உட்காரு."

"டிரைவர் ரெண்டு பேரும் வெளியூர்க்காரங்க. அந்தக் கொட்டகையும் மரமும் எங்கே நின்னுதுன்னு தெரிஞ்ச ஆள் உங்க லாரியில யாரு இருக்கா?" என்றேன். வழிவிட்டார்.

இனி ஆபீஸில் யாரும் இல்லை. பதில் வராவிட்டால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. தட்டு இங்கே, நான் அங்கே, அவ்வளவுதான்.

பெ.


சான் ஹோசே
அக்டோபர் 9, ஞாயிறு

மாமா,

இதை யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் வானொலியில் சொன்னார்கள். பதினொன்றே காலுக்குச் சேறு இறங்கியது, ஓடைக்கரை முழுக்கப் போய்விட்டது, ஊர் ஏற்கனவே காலி செய்யப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை என்று நம்பப்படுகிறது. நம்பப்படுகிறது. அந்த வார்த்தையை அந்த ஆள் இரண்டு தடவை சொன்னார்.

8.55-க்கு ஏறினீர்கள். பாலம் வரை இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். நாற்பத்து மூன்று வீடு, இரண்டு லாரி. நடக்க முடியாதவர்களைத் தூக்கி ஏற்ற ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம். பெருக்கிப் பார்த்தேன். நேரம் போதுமா போதாதா என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வருகிறது, ஏனென்றால் சேற்றில் லாரி எவ்வளவு வேகம் போகும் என்று எனக்குத் தெரியாது. விடை நல்லதாக வந்தால் உட்காருகிறேன், கெட்டதாக வந்தால் எழுந்து ஜன்னல் வரை போய் வருகிறேன்.

அறையில் கூட இருக்கிற பெண் கோயிலுக்கு வா என்றாள். போனேன். முழங்காலிட்டேன், ஜெபம் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நான் சொன்ன வார்த்தைதான் திரும்பத் திரும்ப வாயில் வந்தது. பயந்துபோய் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாயைத் திறந்து சொன்னதை, அப்புறம் உட்கார்ந்து விசைப்பலகையிலும் எழுதியிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. அவள் சாக வேண்டும் என்று எனக்கு விருப்பம் இருந்ததில்லை, மாமா. ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த மூன்றாவது துண்டை எழுதியது என் கைதான்.

பெனியாஸ் பிளாங்காஸ் எல்லையில் பஸ்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திறந்தால் வருவேன்.

மாலை: இன்னும் ஒன்றும் இல்லை. கோபுரம் படுத்துவிட்டது என்று தெரிந்தும், ஞாயிறு என்பதால் பழக்கத்தில் அம்மாவின் எண்ணுக்கு அழைத்தேன். இன்று மணிகூட அடிக்கவில்லை.

யவோஸ்கா


எல் போத்ரெரோ, பள்ளிக்கூடம்
அக்டோபர் 10, திங்கள்

மருமகளே,

உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். அதை முதல் வரியில் எழுதுகிறேன். மீதியை மெதுவாகப் படி.

இந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையின் மடியிலிருந்து கம்ப்யூட்டரைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு எழுதுகிறேன். இணையம் ஒரு மணி நேரம் முன்பு வந்தது. உன் கடிதங்களை இப்போதுதான் படித்தேன்.

நாற்பத்திரண்டு பேரைக் கொண்டுவந்தோம். எண்ணி எழுதுகிறேன், நாற்பத்திரண்டு. மரம் நின்ற இடத்தில் இப்போது மின்கம்பம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. அங்கே போய் நின்றதும் என் கால்களுக்கு வழி தெரிந்தது. நான் தெரு எண்ணிக்கொண்டே ஓட, போலீஸ்காரர்கள் பின்னால் வந்து தூக்கினார்கள். கதவைத் தட்டினால் சிலர் பதிலே சொல்லவில்லை. கோபம். ஒரு ராத்திரி முழுக்க அவர்களை விட்டுவிட்டோம், பின்னே எப்படி.

தோன் திரான்சித்தோ லாகோஸ் கிடைக்கவில்லை. எண்பது வயது, கண் தெரியாது, முப்பத்தெட்டாவது வரி. ரொட்டிக்கடை இருந்த இடத்திலிருந்து ஒரு தெரு இறங்க. வீடு திறந்திருந்தது, கட்டில் இருந்தது, ஆள் இல்லை. எங்கேயோ ஊர்ந்து போயிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். டயரில் பாதி வரை சேறு வந்துவிட்டது, டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். அந்த வாசலில் நான் நின்றது மூன்று நிமிடம். என் வாழ்நாளில் மூன்றை முப்பது என்று சொல்லாமல் இருந்ததில்லை. மூன்றுதான். இப்போது இங்கே யார் கதவைத் திறந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். ஐந்து ஊர் முகாம்களிலும் கேட்கச் சொல்லியிருக்கிறோம். அவர் பெயர் உனக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, நீயும் நானும்தான் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் என்று பட்டது.

உன் அம்மா. கதவைத் திறந்தபோது நாற்காலியில், மடியில் மூட்டையோடு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அப்படியே. மேல் ரோட்டில் லாரிகள் போகிற சத்தத்தை எண்ணியிருக்கிறாள். மூன்றாவது சத்தம் கேட்டதும் தலையை வாரிக்கொண்டாளாம்.

"மூணாவதுன்னியே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மூட்டையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

லாரியில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டியலை நீ எழுதினாய், இடங்களை நான் எழுதினேன், இருவருமாகச் சேர்ந்து அவளை விட்டுவிட்டோம் என்று. பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு அது கஷ்டமே இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் எங்களுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

பாலத்தைத் தாண்டினோம். பிறகு கேட்டாள்: "விட்டுப்போச்சுன்னு யாரு கண்டுபிடிச்சது?"

"உன் மகதான். எண்ணிக்கை குறையுதுன்னு அங்கேருந்தே கேட்டா."

"எத்தனை பேருன்னா?"

"நாற்பத்து மூணு."

"அதுல நான் இருக்கேன்னு தெரிஞ்சு தேடினாளா, தெரியாமலே தேடினாளா?"

"தெரியாமதான் ஆரம்பிச்சா. பயம் இருந்தது."

"எனக்கும்தான்" என்றாள். போனை ஏன் எடுக்கவில்லை என்று அவளாகவே சொன்னாள். கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டதாம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போன் அடிக்கும்போது, எடுத்தால் நீ அந்த வார்த்தையை மறுபடி சொல்லிவிடுவாயோ என்று பயந்து, அடித்து முடியும் வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. நீ அழைக்க மறந்த ஓர் ஈஸ்டர் ஞாயிறிலும் உட்கார்ந்திருந்தாளாம்.

உன் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நேற்றையதையும், முழுக்க. கோபித்துக்கொள்ளாதே. கேட்டுவிட்டு, "சாப்பிடலையாமா?" என்றாள். அப்புறம் யார் யாரிடமோ போன் கேட்க ஆரம்பித்தாள்.

இந்த ஊர்க் கோபுரம் வேலை செய்கிறது. தலைமையாசிரியை இன்று மாலை ஐந்து மணிக்குத் தன் போனை உன் அம்மாவிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எண் உனக்குத் தெரியாத எண்ணாக இருக்கும். முதலில் ஒன்றும் கேட்காது. அவளுக்குத் தைரியம் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

போனை வைத்துவிடாதே.

மாமன்